சிறுநீர்ப்பை அகற்றும் அறுவை சிகிச்சையும் உடலின் ஊட்ட நிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர்ப்பையின் தசைச் சுவர் வரை புற்றுநோய் ஊடுருவிவிட்டால், பையை முழுதாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். அந்தச் செய்தி வந்ததும் வீட்டில் எல்லாப் பேச்சும் கட்டியைச் சுற்றியே ஓடும். எந்தக் கட்டம், எந்த டாக்டர், வயிற்றைத் திறந்து செய்வதா, ரோபோ வைத்துச் செய்வதா என்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள். நோயாளி நேற்று என்ன சாப்பிட்டார், மூன்று மாதத்தில் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்பதைக் கேட்க மட்டும் யாருக்கும் தோன்றாது. கீழே உள்ளவை நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் சிறுநீரகம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றின் நிலையை அறிந்த மருத்துவர் வேறு விதமாகச் சொன்னால், அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

பையை எடுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பெயரைக் கேட்டால் இது சிறுநீர்ப் பாதை ஆபரேஷன். உள்ளே நடப்பதில் பெரும்பங்கு குடல் ஆபரேஷன். பையை எடுத்த பிறகு சிறுநீர் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழியைப் பெரும்பாலும் நோயாளியின் சொந்தச் சிறுகுடலை வெட்டியே உருவாக்குகிறார்கள். வயிற்றில் துளை வைத்து வெளிப்பையில் சிறுநீரைச் சேர்க்கும் முறைக்குச் சிறுகுடலின் பிற்பகுதியில் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் தேவைப்படும். உள்ளேயே புதிய பை தைத்து வைக்கும் முறைக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் வரை போகும். வெட்டிய குடலின் இரு முனைகளையும் மறுபடி இணைக்க வேண்டும். இதோடு ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியும், பெண்களுக்குப் பல நேரம் கருப்பையும், இரு பக்கத்து நிணநீர் முடிச்சுகளும் எடுக்கப்படும்.

இத்தனை தையலும் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். கிருமியோடு போராடவும் அதே புரதம்தான் வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால் உடல் அதைத் தன் தசையை உருக்கி எடுத்துக்கொள்ளும். நோயாளியோ பெரும்பாலும் எழுபது வயதை ஒட்டியவர். பல ஆண்டுப் புகைப்பழக்கம், மாதக்கணக்கில் சிறுநீரோடு போன ரத்தம், அதனால் வந்த சோகை, அறுவைக்கு முன் கீமோ என்று ஏற்கெனவே பலதையும் தாங்கியவர். உருக்கி எடுக்க அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஊட்டக்குறை இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு உண்மையிலேயே குறைகிறதா?

குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் ஒன்றுபோலக் காட்டியிருக்கின்றன. அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்டது. பை அகற்றப்பட்ட 538 பேரை அவர்கள் பார்த்தார்கள். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருப்பது, உடல் நிறை குறியீட்டு எண் 18.5-க்குக் கீழே இருப்பது, அறுவைக்கு முன் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் இழந்திருப்பது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் ஊட்டக்குறை என்று கணக்கிட்டார்கள். ஐந்தில் ஒருவர் அந்தக் கணக்கில் வந்தார்.

அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் இறந்தவர்கள், ஊட்டக்குறை உள்ளவர்களில் 16.5 சதவீதம், மற்றவர்களில் 5.1 சதவீதம். மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முறையே 44.5 சதவீதமும் 67.6 சதவீதமும்.

இதில் என்னை உறுத்துவது முதல் கணக்குதான். மூன்று ஆண்டுக் கணக்கில் புற்றுநோயின் குணமும் கலந்திருக்கும். 90 நாள் கணக்கு பெரும்பாலும் அறுவையைத் தாங்க முடிந்ததா என்பதைப் பற்றியது. அங்கேதான் வித்தியாசம் மூன்று மடங்காக நிற்கிறது.

அப்படியானால் நன்றாகச் சாப்பிட்டு எடை ஏற்றிவிட்டால் ஆயுள் கூடுமா?

அவ்வளவு நேராகச் சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன ஆய்வு தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. மோசமான கட்டி இருப்பவர் இளைப்பார், அவருடைய அல்புமினும் இறங்கும். அவருக்கு முடிவு மோசமானதற்குக் கட்டி எவ்வளவு காரணம், இளைப்பு எவ்வளவு காரணம் என்று முழுதாகப் பிரித்துப் பார்ப்பது கடினம். கணித முறைகளால் ஓரளவு பிரித்த பிறகும் ஊட்டக்குறையின் பங்கு தனியாக நிற்கிறது என்பதே இந்த ஆய்வுகளின் சாரம்.

நீண்ட கால முடிவைப் பெரிதும் தீர்மானிப்பது நோயின் கட்டம்தான். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1,054 பேரைப் பின்தொடர்ந்து 2001-இல் வெளியான கணக்கில், நோய் பைக்குள்ளேயே அடங்கி இருந்தவர்களில் 85 சதவீதத்தினருக்கு ஐந்து ஆண்டுகள் வரை நோய் திரும்பவில்லை. பையைத் தாண்டிய, ஆனால் நிணநீர் முடிச்சுகளைத் தொடாத நோய் என்றால் 58. முடிச்சுகளில் பரவியிருந்தால் 35. எந்தச் சாப்பாடும் 35-ஐ 85 ஆக்காது; அப்படிச் சொல்லி எதையாவது விற்பவரை நம்ப வேண்டாம்.

ஆனால் கட்டியின் கட்டத்தை நோயாளியால் மாற்ற முடியாது, வயதையும் மாற்ற முடியாது. அறுவைக்கு முன்னுள்ள சில வாரங்களில் தட்டில் என்ன விழுகிறது என்பதை மாற்ற முடியும். கையில் இருப்பது அதுதான்.

அல்புமின் 3.1 என்று வந்திருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு நிறையச் சாப்பிட்டால் ஏறிவிடுமா?

அதிகம் குழப்பம் உள்ள கேள்வி இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அல்புமினைத் தயாரிப்பது கல்லீரல். சாப்பாடு குறைந்தால் இது குறையும் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். ஆனால் உடலில் கிருமித் தொற்றோ அழற்சியோ இருந்தால், சாப்பாடு சரியாகவே இருந்தாலும் அல்புமின் இறங்கும். அந்த நேரத்தில் கல்லீரல் அல்புமினை ஒதுக்கிவிட்டு வேறு புரதங்களைத் தயாரிக்கப் போய்விடுகிறது. இருக்கும் அல்புமினும் ரத்தக் குழாயில் இருந்து திசுக்களுக்குள் கசிகிறது. புற்றுநோயே அழற்சியைத் தூண்டும். கட்டி சிறுநீரகக் குழாயை அடைத்து, அங்கே தொற்று வந்திருந்தால் அது இன்னோர் அழற்சி. கல்லீரல் நோயிலும், சிறுநீரில் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயிலும்கூட இந்த எண் இறங்கும். மறுபுறம், மாதக்கணக்கில் அரைவயிறு சாப்பிட்டு எலும்பும் தோலுமாக இருப்பவரின் அல்புமின் சாதாரணமாக இருப்பதும் உண்டு. அமெரிக்க ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம் 2020-இல், அல்புமினை ஊட்ட நிலையின் அளவுகோலாக வைக்க வேண்டாம், அழற்சியின் அடையாளமாகப் பார்க்க வேண்டும் என்று நிலைப்பாடு எடுத்தது இதனால்தான்.

ஆகவே 3.1 என்பது எச்சரிக்கை விளக்கு. அறுவையில் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம் என்று அது சொல்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஏன் என்பதைச் சொல்லவில்லை. தொற்று இருக்கிறதா, அடைப்பு இருக்கிறதா, எடை இறங்கியிருக்கிறதா என்று தேடுவது மருத்துவர் வேலை. வெள்ளைக்கரு நல்ல புரதம், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள். இந்த வாரம் சாப்பிட்டதை அடுத்த வார ரிப்போர்ட்டில் தேடி ஏமாற வேண்டாம்.

அல்புமின் பாட்டிலை நரம்பில் ஏற்றிவிட்டால்?

எண் ஏறும், ஊட்டம் ஏறாது. அதற்கென வேறு மருத்துவத் தேவைகள் உண்டு. ஊட்டக்குறையைச் சரிசெய்ய அது வழியில்லை.

ரிப்போர்ட்டில் “ஊட்ட முன்கணிப்புக் குறியீடு 39” என்று இருக்கிறது. அது என்ன?

ஜப்பானிய அறுவை மருத்துவர் ஓனோடெரா 1984-இல் வெளியிட்ட எளிய கணக்கு. அல்புமினைப் பத்தால் பெருக்குங்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் உள்ள லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கையை 0.005-ஆல் பெருக்கி அதோடு கூட்டுங்கள். அல்புமின் 3.2, லிம்போசைட் 1,400 என்றால் 32-உம் 7-உம் சேர்ந்து 39. குடல் இரைப்பை அறுவைகளுக்காக வந்த இந்தக் கணக்கில், 40-க்குக் கீழே போனால் குடலை வெட்டி இணைப்பது ஆபத்து என்று எச்சரித்தார்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலும் இந்த எண் குறைந்தவர்களுக்கு முடிவு மோசமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கணக்கின் பெரும்பகுதி மீண்டும் அல்புமின்தான் என்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன எல்லா எச்சரிக்கையும் இதற்கும் பொருந்தும்.

நான் குண்டாகத்தான் இருக்கிறேன். எனக்கு எப்படி ஊட்டக்குறை வரும்?

எடை இயந்திரம் கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. சி.டி. ஸ்கேன் சொல்லும். நோயின் கட்டம் அறிய எப்படியும் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். இடுப்பு முதுகெலும்பில் மூன்றாவது எலும்பின் மட்டத்தில் ஒரு குறுக்குப் படத்தை எடுத்துத் தசையின் பரப்பளவை அளக்கலாம். முதுகுத் தண்டின் இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் அடர்த்தியாகத் தெரிய வேண்டிய தசை, சிலருக்கு ஒடுங்கி, கருப்புக் கொழுப்புக் கோடுகள் ஊடே ஓடக் கிடக்கும். அதைச் சுற்றித் தடிமனான கொழுப்பு வளையம் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் நல்ல உடம்பு.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 205 நோயாளிகளின் ஸ்கேன்களை இப்படி அளந்து 2014-இல் வெளியிட்டார்கள். மூன்றில் இருவருக்குத் தசை இழப்பு இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், தசை இழந்தவர்களில் 39 சதவீதம், மற்றவர்களில் 70 சதவீதம்.

உங்கள் ஸ்கேனில் அந்த அளவை எடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். வழக்கமான ரிப்போர்ட்டில் அது பெரும்பாலும் வராது. வீட்டிலேயே தெரிகிற அறிகுறிகளும் உண்டு. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியில் இருந்து எழ முடிகிறதா? மோதிரம் சுழல்கிறதா? பெல்ட் எத்தனை துளை உள்ளே போயிருக்கிறது? மூடி திறக்க மற்றவரை அழைக்க வேண்டியிருக்கிறதா? இவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். “பரவாயில்லை, கொழுப்புதானே குறைந்தது” என்று மகிழ்வதைத் தள்ளிப்போடுங்கள்.

உடலைத் தேற்ற அறுவையைத் தள்ளிப் போடலாமா?

ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கமான எஸ்பென், கடுமையான ஊட்டக்குறை உள்ளவர்களுக்குப் பெரிய அறுவைக்கு முன் 7 முதல் 14 நாட்கள் ஊட்டச் சிகிச்சை தரச் சொல்கிறது. புற்றுநோய் அறுவையாக இருந்தாலும், அதற்காகத் தள்ளிப் போட நேர்ந்தாலும். ஆறு மாதத்தில் எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியவர்கள், உடல் நிறை குறியீட்டு எண் 18.5-க்குக் கீழே உள்ளவர்கள் போன்றவர்கள் இதில் வருவார்கள்.

அதற்கு மேல் இழுப்பது வேறு ஆபத்து. தசைக்குள் இறங்கிய நோயைக் கண்டறிந்து சிகிச்சையின்றி மூன்று மாதம் கடந்தால் முடிவு மோசமாகிறது. முதலில் கீமோ, பிறகு அறுவை என்று திட்டமிட்டிருந்தால் அந்த வாரங்கள் முழுவதும் உங்கள் கையில் இருக்கும் நேரம். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து கலந்த கீமோவின் குமட்டலில் தசை இன்னும் உருகும் என்பதால், குமட்டலைப் பொறுத்துக்கொண்டிராமல் அதற்கான மாத்திரையைக் கேட்டு வாங்குவதும் ஊட்டச் சிகிச்சையின் பகுதிதான்.

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

பொது அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1.2 முதல் 1.5 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 1,500 முதல் 1,800 கலோரியும் 72 முதல் 90 கிராம் புரதமும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 முதல் 7, சமைத்த மீன் அல்லது கோழி இறைச்சி 100 கிராமில் 20-க்கு மேல், வேகவைத்த பருப்பு வகைகள் 100 கிராமில் 7 முதல் 9. கூட்டிப் பார்த்தால் 80 கிராம் எவ்வளவு தூரம் என்று புரியும். அதனால்தான் புரதப் பவுடரோ, மருத்துவ ஊட்டப் பானமோ பரிந்துரைக்கிறார்கள். அது உணவுக்கு மேல் வர வேண்டும். உணவுக்குப் பதிலாக வந்தால் கணக்கு பழைய இடத்திலேயே நிற்கும்.

இரவு ஒரே வேளையில் மொத்தத்தையும் போட்டு அடைக்காமல், மூன்று வேளைக்கும் இடைவேளைக்கும் புரதத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதைத் தசையாக மாற்ற அசைவு வேண்டும்: தினமும் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், இந்த நோயில் அவர்கள் அதிகம், புரத அளவைத் தாங்களே முடிவு செய்யக் கூடாது.

பல நாட்களாக ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருப்பவருக்கு ஒரே நாளில் முழு அளவைத் திணிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் சட்டென்று சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில், சிறிது சிறிதாக.

நோய் எதிர்ப்பு ஊட்டப் பானம் என்று விலை உயர்ந்த ஒன்றைச் சொல்கிறார்கள். அவசியமா?

ஆர்ஜினைன், மீன் எண்ணெயின் ஒமேகா 3, நியூக்ளியோடைடு சேர்த்த பானங்கள் இவை. சிறிய ஆய்வுகளில் தொற்று குறைவதாகத் தெரிந்தது. ஆயுளைக் கூட்டுகிறது என்று சொல்ல அந்த ஆதாரம் போதாது. மருத்துவமனை தந்தால் குடியுங்கள். அதை வாங்குவதற்காக மற்ற உணவைக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முந்தைய இரவு முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டுமா?

பழைய வழக்கம். இப்போதைய பொது விதி, திட உணவை 6 மணி நேரம் முன்பும் தெளிவான நீராகாரத்தை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது. பல இடங்களில் மாவுச்சத்துப் பானமும் தருகிறார்கள். சர்க்கரை நோயாலோ வேறு காரணத்தாலோ இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு இது மாறும்; மயக்க மருந்து நிபுணர் சொல்வதே இறுதி.

அறுவை முடிந்து நான்கு நாளாகிறது, வயிறு உப்பி வாந்தி வருகிறது. நரம்பு வழியாகவே உணவு கொடுக்கச் சொல்லலாமா?

குடல் தற்காலிகமாக அசைவை நிறுத்திவிடுவது இந்த அறுவைக்குப் பின் மிகவும் சாதாரணம். மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்க வேண்டி வருவதற்கு முக்கியக் காரணமும் இதுதான். இப்போது மூக்குக் குழாயைச் சீக்கிரம் எடுத்து, முதல் ஓரிரு நாளிலேயே வாய்வழி நீரும் லேசான உணவும் தொடங்கி, நடக்க வைக்கிறார்கள். சூயிங்கம் மெல்லச் சொல்வதும் விளையாட்டுக்கு இல்லை; சாப்பாடு வருகிறது என்று குடலை நம்ப வைக்கும் உத்தி அது, வாயு பிரிவதை விரைவுபடுத்துகிறது.

நரம்பு வழி முழு உணவை எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 157 பேரிடம் நடந்த அந்த ஆய்வு 2013-இல் வெளியானது. நரம்பு வழி உணவு பெற்றவர்களில் 69 சதவீதத்தினருக்குச் சிக்கல். பெறாதவர்களில் 49 சதவீதத்தினருக்கு. கூடுதலாக வந்தவற்றில் தொற்றுகளே முக்கியமானவை. ஆகவே வழக்கமாக எல்லோருக்கும் அது வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் வாய்வழி உணவு இறங்காது என்று தெரிந்தாலோ, ஏற்கெனவே கடுமையான ஊட்டக்குறை இருந்தாலோ அதற்கு இடம் உண்டு.

வீட்டுக்கு வந்து மூன்று வாரம். சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. மனச்சோர்வா?

இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்வதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும்.

சிறுநீரைச் சேமிக்க இப்போது குடல் துண்டு இருக்கிறது. தொட்டதை உறிஞ்சுவது குடலின் இயல்பு. இடம் மாறினாலும் அது பழக்கத்தை விடாது. சிறுநீரில் உள்ள அம்மோனியத்தையும் குளோரைடையும் அது திரும்ப ரத்தத்துக்குள் இழுக்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. அதன் அறிகுறிகள் பசியின்மை, சோர்வு, குமட்டல், எடை இறக்கம். வெளியே இருந்து பார்த்தால் “மனசு விட்டுப்போச்சு” என்று வீட்டார் சொல்லும் அதே தோற்றம். உள்ளே புதிய பை வைத்தவர்களுக்குச் சிறுநீர் நீண்ட நேரம் அதில் தங்குவதால் இது அதிகம். அதே புதிய பை தொடக்க வாரங்களில் உப்பையும் நீரையும் இழக்கச் செய்யும், நோயாளி வற்றிப்போவார்.

பைகார்பனேட், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும். சிகிச்சை பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் மாத்திரைதான். சில நாட்களில் பசி திரும்பும். தினமும் 2 முதல் 3 லிட்டர் நீர் குடிக்கவும், தொடக்கத்தில் உப்பைக் குறைக்காமல் இருக்கவும் இவர்களுக்குச் சொல்வது வழக்கம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைத் தவிர்த்துப் பழகியவர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவமனையில் நூறு பேர் பார்த்துக்கொண்ட நோயாளியை, வீட்டுக்கு வந்த பிறகு எடை போட்டுப் பார்க்கக்கூட ஆள் இருப்பதில்லை. வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், வெளிப்பையைக் காலி செய்துவிட்டு எடையைக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் 2 கிலோ இறங்கினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், குழப்பமான பேச்சு என்றால் அன்றே மருத்துவமனை.

சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வளருமாமே? நிறுத்திவிட்டோம்.

புற்றுநோய்ச் செல்கள் மட்டும் இல்லை, உடலின் மற்ற செல்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. வாயில் போடுவதை நிறுத்தினால் உடல் தசையை உருக்கிக் குளுக்கோஸ் தயாரிக்கும். நீரிழிவு இருந்தால் அதற்குரிய கட்டுப்பாடு அவசியம். இல்லாதவர் இளைத்துக்கொண்டிருக்கும்போது இனிப்பைப் பறிப்பதால் யாருக்கும் நன்மை இல்லை.

அப்பா நான்கு வாய்க்கு மேல் தொட மாட்டேன் என்கிறார். வற்புறுத்தி ஊட்டலாமா?

தட்டு நிறையப் பரிமாறி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு இருக்கும் பசியும் போய்விடும். சிறிய தட்டில் அரைப் பங்கு. இரண்டு, இரண்டரை மணிக்கு ஒருமுறை. நான்கு வாய்தான் என்றால் அந்த நான்கும் முட்டையாக, பாலாடைக் கட்டியாக, நெய் விட்டதாக இருக்கட்டும். கஞ்சித் தண்ணீரில் வயிறு நிறையும், புரதம் வராது. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவேளையில் கொடுங்கள். காலையில் பசி நன்றாக இருக்கும் என்றால் பெரிய வேளை காலையாகவே இருக்கட்டும். இவ்வளவுக்கும் அசையாவிட்டால் உணவியல் நிபுணரையும் அமிலப் பரிசோதனையையும் நாடுங்கள். அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

சில ஆண்டுகள் கழிந்த பிறகும் சாப்பாட்டில் கவனிக்க ஏதேனும் உண்டா?

வைட்டமின் பி12. அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அறுவை மருத்துவர்கள் கடைசிச் சில சென்டிமீட்டரை விட்டுவைத்தாலும் சிலருக்குக் குறைபாடு வருகிறது. கல்லீரலில் உள்ள கையிருப்பு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை தாங்கும் என்பதால், எல்லாம் முடிந்தது என்று பரிசோதனைகள் மறந்துபோகும் நேரத்தில்தான் இது தலைகாட்டும்: சோகை, பாதத்தில் மரத்துப்போதல், தடுமாற்ற நடை. நரம்புச் சேதம் நிலைத்துவிட்டால் முழுதாகத் திரும்பாது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை அளவைப் பார்த்து, குறைந்தால் ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்ள வேண்டும். நாள்பட்ட அமிலம் எலும்பைக் கரைக்கும் என்பதால் பைகார்பனேட் பரிசோதனையையும் அதே ரத்தத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.